பார்த்தேன் என்று கையெழுத்திட்டேன்

“பாப்பா, கோப்பையில பாதிக்கு மேல ஊத்தாதே” என்று ஒரு காலையில் அண்ணன் சொன்னார். நோயின் முதல் அறிகுறி அதுதான். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

கோப்பி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து பாதிக் கோப்பை ஊற்றினேன். சில வாரங்கள் கழித்து மேசை விரிப்பைத் துவைக்க எடுத்தபோது, அவர் உட்காரும் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னக் கறைகள் இருந்தன. கை நடுங்கியிருக்கிறது. நிறைந்த கோப்பையைச் சிந்தாமல் தூக்க முடியாததை அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

தினமும் எதிரில் நின்று ஊற்றியவள் நான். இருந்தும் கறையைப் பார்த்துத்தான் கையைத் தெரிந்துகொண்டேன். சாப்பிடுகிறவர் வாயையும் கையையும் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் பட்டு வயிறு வலிக்கும் என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தார். தட்டை வைத்ததும் என் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இந்தப் பழக்கத்தோடு சேர்ந்தது.

எண்பதுகளில், பினாங்குப் பாலத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அண்ணனும் நானும் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அண்ணி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. எனக்குத் திருமணம் ஆகவில்லை. அண்ணன் துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. நான் ஒரு தையல் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை விளக்கின் கீழ் விரித்துத் தையல் சரியா என்று பார்த்து முத்திரை குத்துவேன்.

அதிகம் படித்தவள் இல்லை. நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, மாத்திரையும் ஓர் அட்டையும் உங்கள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால், இது உங்களுக்காக எழுதுவது.

அண்ணன் சண்டை போடுகிற குடிகாரர் இல்லை. தெருவில் விழுந்து கிடந்ததும் இல்லை. முதலில் பிராந்தி, பிறகு சம்சு என்கிற மலிவான சாராயம். குடித்துவிட்டு வந்து மரியாதையாகச் சாப்பிட்டு மரியாதையாகப் படுத்துக்கொள்வார். அதனால் நானும் மரியாதையாக இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் வேலைக்குப் போனவர் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எழுத முடியல பாப்பா. மூட்டை இறங்குது, எண்ணுறேன், பென்சில் காகிதத்துல நிக்க மாட்டேங்குது. அந்தச் சீனப் பையன், என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன், பென்சில வாங்கி அவனே எழுதினான். ஒண்ணும் சொல்லல. அவன் திட்டியிருக்கலாம்.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “எங்கயாவது கூட்டிட்டுப் போ” என்றார்.

முதலில் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்து டிடாக்ஸ் (மதுவை நிறுத்தி, நடுக்கமும் வலிப்பும் வராமல் மருந்து கொடுத்து உடலைத் தெளியவைப்பது) செய்தார்கள். பிறகு நகரத்தில் இருந்த ஒரு சிறிய சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதன் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே நாசி கண்டார் என்கிற சோறும் குழம்பும் விற்கிற கடை. படி ஏறும்போதே குழம்பு மணக்கும். வெறும் வயிற்றோடு வரும் குடிகாரர்களைப் பிடிக்கத்தான் இந்த இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்வார்.

அங்கே வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். மற்றபடி எல்லாம் லூர்து மிஸ்ஸிதான். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், பெரிய குரல்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது டைசல்ஃபிராம் (இதைச் சாப்பிட்டுவிட்டு மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும், ஆசையைக் குறைக்கிற மாத்திரை இல்லை, குடிக்க விடாமல் தடுக்கிற மாத்திரை). தினமும் காலையில் ஒன்று. வீட்டில் ஒருவர் கண்ணால் பார்க்க, அவர் முன்னால் சாப்பிட வேண்டும். பார்த்தவர் அட்டையில் அந்த நாளுக்கான கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். கட்டங்களுக்கு மேலே ‘பார்த்தேன்’ என்று அச்சடித்திருந்தது.

மிஸ்ஸி அட்டையை என்னிடம் உடனே கொடுக்கவில்லை. என்னை எதிரில் உட்காரவைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“முழுங்கிட்டேனா இல்லையா, சொல்லு.”

நான் மேசையைப் பார்த்தேன்.

“அங்க என்னா இருக்கு? என் வாய் இங்க இருக்கு லா.”

“வந்து… சாப்பிடுறவங்க வாயைப் பாத்துப் பழக்கமில்ல மிஸ்ஸி.”

“கண் பட்டுடுமா?”

அண்ணன் பக்கத்திலிருந்து, “எங்க அம்மா அப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க. அவ மேல தப்பில்ல” என்றார்.

“உங்க அண்ணனுக்கு இப்ப கண் படணும். அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்” என்றார் மிஸ்ஸி. நாக்கைத் தூக்கிக் காட்டினார். மிட்டாய் அடியில் இருந்தது. மூன்று மிட்டாய்கள் ஆன பிறகுதான் நான் நிமிர்ந்து அவர் தொண்டையைப் பார்த்தேன். எனக்குக் காது சுட்டது.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் தூளாக்கு. எவர்சில்வர் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கு. அவர் குடிக்கட்டும், நீ பார். குடித்ததும் அவர் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, பாத்தியா என்று கேட்க வேண்டும். பாத்தேன் என்று நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். பிறகு இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். குடியைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அதன் பிறகுதான் கையெழுத்து.

“பத்து நிமிஷம் எதுக்கு மிஸ்ஸி? தண்ணியிலதான் கலக்கிக் குடுத்துட்டமே” என்று அண்ணன் கேட்டார்.

“மாத்திரை உள்ள போறதுக்கு ஒரு நொடி போதும். நீ வீட்டுக்குள்ள இருக்கிறதுக்குப் பத்து நிமிஷம் வேணும்.”

முதல் வாரம் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாரம் அவர் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கிராம்பு மூட்டை இறங்குகிற நாளில் எண்ணுகிற எல்லோருக்கும் தும்மல் வருமாம். தும்மலில் எண்ணிக்கை தவறிவிடும் என்று அவர் மட்டும் மூக்கில் துணி கட்டிக்கொள்வாராம். ஒரு தடவை மேலதிகாரி அவரைத் திருடன் என்று நினைத்துப் பிடித்துவிட்டாராம். அண்ணனால் இப்படியெல்லாம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமைதோறும் இருவரும் மாடி ஏற வேண்டும். மிஸ்ஸி அட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். அண்ணனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“வெள்ளிக்கிழமை மாத்திரை குடிச்சிட்டு என்னா பேசினாரு?”

அல்லது சனிக்கிழமை, அல்லது திங்கட்கிழமை. எந்தக் கிழமையைக் கேட்பார் என்று தெரியாது. ஒரு முறை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று பசாருக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால் தம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வந்து கையெழுத்திட்டேன். மிஸ்ஸி பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டார். கோபப்படவில்லை.

“இதுல நீ சட்டைக்கு முத்திரை குத்துற மாதிரி குத்தாதே” என்றார்.

வேலையில் நான் ஒரு சட்டையைக்கூடப் பார்க்காமல் அனுப்பியதில்லை. அதை அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல வரவில்லை.

நான்காவது மாதம் அண்ணன் ஒரு நாள் சோதித்துப் பார்த்தார். நண்பர் வீட்டுத் திருமணத்தில் ஒரே வாய் பியர். முகம் தக்காளியாகி, கைகழுவும் இடத்திலேயே வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த செவ்வாய் அவரே மிஸ்ஸியிடம் சொன்னார்.

“மிஸ்ஸி, உங்க மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது.”

“அதை நீ செக் பண்ணணும்னு யார் கேட்டா? உங்க வீட்டுல செக்கர் அவ ஒருத்தி போதும்.”

அன்று மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. ஒரு மனிதர் தான் தவறியதைத் தானே வந்து சொல்லக்கூடிய ஓர் இடம் இருந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது மாதத்தில் ஒரு காலை அண்ணன், “நெறைய ஊத்து பாப்பா” என்றார். விளிம்பு வரை ஊற்றினேன். தூக்கிக் குடித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அப்படிப் பதினான்கு மாதங்கள் போயின.

பிறகு லூர்து மிஸ்ஸியின் கணவருக்கு ஈப்போவில் வேலை மாற்றம் வந்தது. மிஸ்ஸியும் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். குணா என்று பெயர். நல்ல பிள்ளை. இதைப் படிக்கிறவர்கள் அவரைக் குறை சொல்லிவிடக் கூடாது. அவர் வந்தபோது நிலையத்துக்கு வருகிறவர்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். பெஞ்சு போதாமல் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மிஸ்ஸி எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்தாரே தவிர, எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. குணாவின் கைக்கு வந்தவை மாத்திரைப் புட்டிகளும் அட்டைகளும்தான்.

“அக்கா, வாராவாரம் ரெண்டு பேரும் அலைய வேணாம். மாசத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் அட்டையைக் கொண்டாந்து காட்டுங்க. மாத்திரையைக் குடுத்துடுறேன்.”

“தூளாக்கித் தண்ணியில…” என்று ஆரம்பித்தேன்.

“கட்டாயம் இல்ல அக்கா. முழுசா முழுங்கினாலும் அதே மருந்துதான்.”

அவர் சொன்னது பொய் இல்லை. அதே மருந்துதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதற்கு அர்த்தமில்லை. அன்று படி இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். அந்நியர் முன்னால் வாய் திறக்க வேண்டாம். அண்ணனின் வாயைப் பார்க்க வேண்டாம்.

சில நாட்கள் பழையபடி எதிரில் உட்கார்ந்தேன். ஒரு காலை அண்ணன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பாதிச் சிரிப்போடு சொன்னார்.

“வாயையே பாக்காதே பாப்பா. வயித்த வலிக்கப் போவுது.”

அம்மா சொல்கிற அதே மாதிரி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த நாள் அவர் சொல்வதற்கு முன்பே குனிந்துகொண்டேன். அதற்கடுத்த வாரம் மாத்திரையையும் தண்ணீரையும் மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வரும்போது தம்ளர் காலியாக இருக்கும். அண்ணன் சன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கையெழுத்திடுவேன்.

கோப்பியும் நின்றது. “ஆபீஸ்ல குடிச்சிக்கிறேன்” என்றார். எனக்கு ஒரு வேலை குறைந்தது என்று நினைத்தேன். நிறைந்த கோப்பையையோ பாதிக் கோப்பையையோ என் முன்னால் தூக்க வேண்டாம் என்பதற்காக அவர் அதை நிறுத்தியிருக்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

அவரிடமிருந்து இருமல் மிட்டாய் வாசனை வந்தது. இருமல் இல்லை. சாப்பாடு குறைந்தது. மாலையில் வீட்டுக்கு வரும் நேரம் நீண்டது. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அட்டையை எடுத்துப் போனேன். குணா கட்டங்களின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அழகா வச்சிருக்கீங்க அக்கா” என்பார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அண்ணன் எங்கள் மாடிப்படியில் சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டில் இருந்த டாக்டர் இளம் பெண், தமிழ் பேசுவார்.

“குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

அண்ணன் வலி மருந்தில் அரைத் தூக்கமாக இருந்தார். நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அந்த மாத அட்டை. கட்டமெல்லாம் நிறைந்திருந்தது.

“முன்ன இருந்துச்சு டாக்டர். இப்ப தெனமும் இந்த மாத்திரை.”

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். “நீங்கதான் பாத்துக் குடுக்கறீங்களா?”

“ஆமா.”

“ரொம்ப நல்லது” என்று சொல்லி ஏட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணனின் கை நடுங்கியது. காய்ச்சல் என்றார்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார்கள். மதியம் அவர் போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். “கிராம்பு கொட்டிக் கிடக்கு பாப்பா, மிதிக்காதே” என்றார். கண்கள் இரண்டும் பக்கவாட்டில் துடித்தன.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டிடாக்ஸில் முதல் தடவை, குடி நின்ற மறுநாள், இதே நடுக்கத்தைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் வந்தார். விழுந்ததில் தலையில் அடி பட்டிருக்குமோ என்று தாதியிடம் சொன்னார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பின்னாலேயே போனேன். அவர் தாழ்வாரத்துக்கு வந்தார். நானும் வந்தேன். அந்தத் தாழ்வாரத்தில் மூன்று முறை அவர் பின்னால் நடந்தேன். ஒரு முறை அவர் திரும்பி, “என்ன அக்கா?” என்றுகூடக் கேட்டார். “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றேன்.

கையெழுத்துப் போட்டவள் நான். ரொம்ப நல்லது என்று சொன்னவர் அவர். அந்த இரண்டையும் தாண்டி என் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழையும்போது அண்ணனுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். டாக்டர் ஓடி வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். வேற்று மனிதரை நான் அப்படித் தொட்டதே இல்லை.

“நான் பாக்கல டாக்டர். கையெழுத்து மட்டும்தான் போட்டேன். அவரு குடிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாதியிடம் வேகமாக ஏதேதோ சொன்னார். எல்லாம் மாறின. வேறு ஊசி, வேறு மருந்து. நரம்பு வழியாகத் தயமின் (பி-1 வைட்டமின், நெடுநாள் குடிப்பவர் உடலில் இது வற்றிப்போயிருக்கும், இது இல்லாமல் மூளை பழுதாகும்) ஏற்றினார்கள்.

அண்ணன் பிழைத்தார். கால் சேர்ந்தது. நடுக்கம் நின்றது. ஆனால் பத்தாவது நாள் என்னிடம், “மிஸ்ஸிகிட்ட செவ்வாக்கிழமை வர முடியாதுன்னு சொல்லிட்டியா?” என்று கேட்டார். மிஸ்ஸி ஈப்போவுக்குப் போய்விட்டார் என்றேன். “அப்படியா, எப்போ?” என்று வருத்தப்பட்டார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

டாக்டர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். பழைய நினைவு ஓரளவு இருக்குமாம். புதிய நினைவு தங்காதாம். சில பேருக்குக் கொஞ்சம் தேறலாம், சில பேருக்கு இல்லையாம்.

“அந்த ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா?” என்று கேட்டேன்.

அவர் நேர்மையானவர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை.

“தெரியாது அக்கா. மாத்தியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது.”

அந்த ஒரு நாள் எனக்குள் இன்னும் முடியவில்லை. தொழிற்சாலையில் நீளமான நடைவழியில் முன்னால் யாராவது வெள்ளை உடுப்பில் போனால் என் கால்கள் தாமாகப் பின்தொடர்கின்றன.

அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு நாள் மாடி ஏறிக் குணாவைப் பார்க்கப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எங்கள் ஃபைலை எடுத்துத் திறந்தார். மாதவாரியாக அட்டைகள். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

“எங்க மாசக் கூட்டத்துல உங்க வீட்டத்தான் அக்கா உதாரணமா சொன்னேன். எல்லா அட்டையும் முழுசா வந்த வீடு இது ஒண்ணுதான்” என்றார். குரல் உடைந்திருந்தது. ஃபைலை மூடிவிட்டு, “நான் என்னா கேட்டிருக்கணும்?” என்றார்.

மிஸ்ஸியின் கேள்வியைச் சொன்னேன். வியாழக்கிழமை மாத்திரை குடித்துவிட்டு என்ன பேசினார். அவர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டாரா, படியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரிடமும் கேட்க அவருக்கு நேரம் இருந்ததா, எனக்குத் தெரியாது. நான் மறுபடி அங்கே போகவில்லை.

வீட்டில் இப்போது அண்ணனுக்கு அந்தப் பழைய மாத்திரை இல்லை. தயமின் மாத்திரை மட்டும்தான். முதல் நாள் அதை முழுசாகத் தண்ணீரோடு மேசையில் வைத்தேன். இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

அவர் மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். தொண்டை அசைந்தது. பிறகு ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து சன்னலுக்குப் போனார். கண்ணாடிப் பட்டைகள் வைத்த சன்னல். ஒரு பட்டையைத் தூக்கினார். கன்னத்துக்குள்ளிருந்து நாக்கால் மாத்திரையை உதட்டுக்குத் தள்ளி, விரலால் எடுத்து, வெளியே விளிம்பில் வைத்துவிட்டுப் பட்டையை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

“இப்ப என்ன பண்ணீங்க அண்ணே?”

“எப்போ?” என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

எழுந்து போய்ப் பட்டையைத் திறந்து பார்த்தேன். வெளியே சிமெண்டு விளிம்பில் புது மாத்திரை இருந்தது. அதன் அடியிலும் சுற்றிலும் வெள்ளையாகக் காய்ந்த படலம். அது எனக்குப் பழக்கமான கறை. ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் அந்தச் சன்னலைத் துடைக்கும்போதெல்லாம் புறா எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்திருக்கிறேன். புறாக்களைத் திட்டியும் இருக்கிறேன்.

அவருடைய மனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டது. உடல் விடவில்லை. மாத்திரை முழுசாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் கரண்டியை எடுத்தேன். அதன் பின்பக்கத்தால் மாத்திரையைத் தூளாக்கினேன். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் தலையைத் தூக்கினார். எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். அவர் குடித்தார். கன்னத்தைப் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன். குடித்து முடித்ததும், யாரும் சொல்லாமலே, தம்ளரை உள்ளங்கையின் மேல் கவிழ்த்தார்.

“பாத்தியா?”

அவர் தம்ளரைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பதில் வராமல் அது முடியாது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

“பாத்தேன் அண்ணே.”

தம்ளரை வைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கிராம்பு மூட்டை இறங்கிய நாளில் மூக்கில் துணி கட்டிக்கொண்ட கதையை ஆரம்பித்தார். புதுக் கதையைப் போலச் சொன்னார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. தினமும் அதே கதைதான். மிஸ்ஸி இப்போது வந்து எந்தக் கிழமையைக் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியும். அண்ணனுக்கு நேற்று என்று ஒன்று இல்லை. எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாளைத் தாண்டி நாளை என்று ஒன்று சரியாக வருவதில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது காலையில் அந்தப் பத்து நிமிடம். தனியாகச் சாப்பிடும்போது சில நாள் என் தொண்டையில் கை வைத்துப் பார்க்கிறேன். சோறு இறங்குவது விரலுக்குத் தெரிகிறது. இத்தனை வருடமாக அதையும் நான் கவனித்ததில்லை.

சில காலைகளில் அண்ணன் குடிக்கும் முன் தம்ளரை வாயருகே நிறுத்தி, “வாயையே பாக்காதே பாப்பா” என்கிறார்.

நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர் குடிக்கிறார்.